இணைப்பு வண்டி

வேளாங்கண்ணி இரயில் நிலையம் பாதை முடியும் இடம். நாகப்பட்டினத்திலிருந்து ஏறத்தாழ 10 கிலோமீட்டர் நீளமுள்ள இக்கிளைப்பாதை 2010-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. ஆகஸ்டு 29 தொடங்கி செப்டம்பர் 8 வரை நடைபெறும் திருவிழா நாள்களில் அந்நிலையத்தில் கால் வைக்க இடமிராது. ஏனைய நாள்களிலோ நடைமேடையில் மனிதரைவிடக் கடற்காற்றே மிகுதி. சென்ற ஆண்டு கோடைவிடுமுறையின் தொடக்கத்தில், அவ்வூரில் ஒரு திருமணத்திற்குச் சென்றுவிட்டு மாலை வண்டிக்காகக் காத்திருந்தபோதுதான் அந்த நண்பர் என்னிடம் வந்தார்.

அவர் பேராலயத்திற்குச் செல்லும் தெருவில் மெழுகுவர்த்திக் கடை வைத்திருப்பவர். அவருடைய மகன் எங்கள் கல்லூரியில் பயின்றவன். மகள் ஜெர்மனியில் செவிலியராகப் பணிபுரிகிறாள். பெற்றோரை அழைத்துத் தன் வீட்டில் ஒரு மாதம் வைத்திருக்க வேண்டும், பிரான்சு நாட்டிலுள்ள லூர்து நகருக்கு அவர்களைக் கூட்டிச் செல்ல வேண்டும் என்பது மகளின் நெடுநாள் விருப்பம். கிழக்கின் லூர்து எனப் பெயர்பெற்ற ஊரில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு மேற்கிலுள்ள லூர்தைக் காணும் ஆசை இருப்பது இயல்புதானே! போகும்போது மகள் உடன் வருவாள். அவளுக்கு விடுப்புக் குறைவு; ஆகவே அங்கே மூன்று நாள் கூடுதலாகத் தங்கிவிட்டுக் கணவனும் மனைவியும் தாமாகவே திரும்ப வேண்டும். பயணத்திற்கென மகள் இரயில் பாஸ் வாங்கியிருக்கிறாள்.

"எந்த வண்டியில வேணாலும் ஏறிக்கலாமாம் சார். அப்படின்னா வண்டியைத் தவற விடறதுங்கற பேச்சே இல்லையே?" என்று அவர் மகிழ்ச்சியோடு கேட்டார்.

நான் சிரித்தேன். சிரித்த பிறகு வருந்தினேன். ஏனெனில், ஓர் ஆண்டுக்கு முன்பு அதே நம்பிக்கையோடு புறப்பட்டவன் நான்.

2023-ஆம் ஆண்டு மே மாதம். என் தாய்மாமா காரைக்கால்காரர். பிரெஞ்சுக் குடியுரிமை பெற்றுப் பாரிசில் நெடுங்காலம் வாழ்ந்தவர். பணி ஓய்வுக்குப் பின்னர் அண்டை நாடொன்றில் இருந்த தம் மகளோடு வசித்து வந்தார். அவருக்கு இருதய அறுவைச் சிகிச்சை என்று முடிவாயிற்று. "அறுவைக்குப் போகுமுன் லாத்தாவைப் பார்க்கணும்" என்று தொலைபேசியில் அவர் சொன்ன ஒரு சொல்லுக்காக, எழுபது கடந்த என் உம்மாவை அழைத்துக்கொண்டு நான் பாரிசுக்குச் சென்றேன். மாமாவின் மகன் எங்கள் இருவருக்கும் ஒரு மாதத்திற்குள் 5 பயண நாள்கள் கொண்ட பாஸ் வாங்கித் தந்திருந்தார்.

அந்தப் பாஸைப் பற்றிச் சிறிது கூற வேண்டும். ஐரோப்பாவுக்கு வெளியே வாழ்வோருக்கான யூரெயில் பாஸ் 1959-இலும், ஐரோப்பியருக்கான இன்டர்ரெயில் பாஸ் 1972-இலும் தொடங்கின. இன்று 33 நாடுகளில் அவை செல்லுபடியாகின்றன. நம் நாட்டிலும் வெளிநாட்டினருக்கும் வெளிநாடுவாழ் இந்தியருக்குமாக இண்ட்ரெயில் பாஸ் என ஒன்று இருந்தது. 2017-இல் அது நிறுத்தப்பட்டது. நமக்கென்று எஞ்சியிருப்பது சுற்றுப் பயணச் சீட்டு. புறப்பட்ட ஊருக்கே திரும்பி வருமாறு அமையும் அச்சீட்டில் எட்டு இடங்கள் வரை இறங்கித் தங்கலாம். நம் மாணவர்களில் எத்தனை பேர் அதனை அறிவர் என்பது ஐயமே.

நிற்க. எங்கள் பயணத்தில் ஒரு நகரத்தில் வண்டி மாற வேண்டியிருந்தது. கைப்பேசி காட்டிய அட்டவணைப்படி இரு வண்டிகளுக்கும் இடையே 9 நிமிடம். ஒன்பது நிமிடம் போதும் என்று கணித்தது கைப்பேசி. அதனை ஏற்றுக்கொண்டது என் அறிவு. அந்த 9 நிமிடத்தில் படியிறங்கி, சுரங்க வழியே நடந்து, மீண்டும் படியேறி வேறொரு நடைமேடையைக் காண வேண்டியவர், முழங்கால் வலியுள்ள ஒரு மூதாட்டி என்பதைக் கைப்பேசி அறியாது. நான் அறிந்திருக்க வேண்டும். ஆகவே அன்றைய பிழைக்கு எந்த நாட்டையும் எந்த நிர்வாகத்தையும் நான் குறை கூறேன். முதல் வண்டி 40 நிமிடம் தாமதமாக வந்தது என்பதும் உண்மையே. சரியான நேரத்திற்கு வந்திருந்தாலும் நாங்கள் தவறவிட்டிருப்போம் என்றே இன்று எண்ணுகிறேன்.

வண்டி போய்விட்டது என்று தெரிந்தும் நான் ஓடினேன். ஒரு கையில் பெட்டி, மறு கையில் உம்மாவின் கை. எங்கே ஓடுகிறேன் என்று எனக்கே தெரியாது. இரண்டாம் படிக்கட்டின் மேலே வந்ததும் உம்மா கையை விடுவித்துக்கொண்டார். அங்கிருந்த இருக்கையில் அமர்ந்து, "ஓடாதே வாப்பா. போன வண்டி போயிடுச்சு. முதல்ல உட்காரு" என்றார்.

நான் உட்கார்ந்தேன். உட்கார்ந்த பின்னரே அறிவு திரும்பியது.

ஆய்வியல் நிறைஞர் பட்டத்திற்கு ஆற்றுப்படை நூல்களை எடுத்துக்கொண்டவன் நான். பத்துப்பாட்டில் பாதி, அதாவது ஐந்து நூல்கள் ஆற்றுப்படைகள். பரிசில் பெற்று வந்தவன் பெறாதவனுக்கு வழி சொல்லும் இலக்கியம் அது. அவற்றுள் பெருங்கௌசிகனார் பாடிய மலைபடுகடாத்தில் ஓரிடம் உண்டு. குன்றில் வாழும் குறவரே திகைக்கும் மலைப்பகுதியில் வழி தவறினால் என்ன செய்ய வேண்டும்? மேலும் நடவாதீர்கள், அகன்ற பாறையில் ஒன்றாகக் கூடி உங்கள் இசைக்கருவிகளை இயக்குங்கள், ஒலி கேட்டுக் கானவர் வந்து சேர்வர் என்பது அங்கே கூறப்படும் அறிவுரை. வகுப்பில் பல ஆண்டுகளாக இப்பகுதியை நடத்தியிருக்கிறேன். தேர்வில் வினாவாகவும் கேட்டிருக்கிறேன். ஆனால் அதன் பொருளை அந்நிய நாட்டு நடைமேடையில், தமிழ் எழுதப் படிக்க மட்டுமே கற்ற என் உம்மா எனக்கு உணர்த்த வேண்டியிருந்தது!

இசைக்கருவிக்குப் பதிலாக எங்களிடம் கைப்பேசி இருந்தது. மாமா மகளுக்குச் செய்தி சொன்னோம். பின்னர் தகவல் சாளரத்திற்குச் சென்று நிலைமையை விளக்கினேன். அங்கிருந்த அலுவலர் ஒரு தாளில் முதல் வண்டியின் எண்ணையும் தாமதத்தையும் குறித்து முத்திரையிட்டுத் தந்தார். அடுத்த நேர்வண்டியில் இருக்கை முன்பதிவு கட்டாயம், இடமில்லை. அதற்கடுத்தது விடியற்காலையில்தான். இங்கேதான் பாஸின் இயல்பை நான் முதன்முதலாகக் கண்டேன். பயண நாள் என்பது நள்ளிரவு 12 மணியோடு முடிகிறது. அன்றிரவே ஏறியிருந்தால் அதே நாளின் கணக்கு. விடியற்காலையில் ஏறினால் ஐந்து நாளில் மற்றொன்று கழிந்துவிடும். கழிந்தது.

நாள் கழிந்ததைப் பற்றி எனக்குக் கவலையில்லை. காலை 7 மணிக்கு மாமாவை அறுவை அரங்கிற்குக் கொண்டு செல்வார்கள். நாங்கள் போய்ச் சேர 10 ஆகும்.

நிலையத்தின் அருகிலிருந்த விடுதியில் அவ்விரவைக் கழித்தோம். முஸாபிர்களுக்குரிய சலுகைப்படி மஃரிபையும் இஷாவையும் சேர்த்துத் தொழுதுவிட்டு உம்மா தஸ்பீஹ் மணியோடு அமர்ந்தவர் படுக்கவேயில்லை. மறுநாள் நாங்கள் சென்றடைந்தபோது மாமா அரங்கினுள் இருந்தார். மாலையில் கண்விழித்து, "வரமாட்டேன்னு நெனச்சேன் லாத்தா" என்றார். இறையருளால் இன்றும் நலமாக இருக்கிறார். எனினும் அந்தக் காலைப்பொழுதில் தம் தம்பி வாசலைப் பார்த்துக்கொண்டே போயிருப்பார் என்ற எண்ணம் உம்மாவை விட்டு இன்னும் அகலவில்லை. ஒன்பது நிமிடத்தை ஏற்றுக்கொண்ட என் அறிவை அவர் ஒருநாளும் கடிந்துகொண்டதில்லை என்பதே எனக்குப் பெருந்துன்பம்.

அவ்விரவில் என் நினைவுக்கு வந்தவர் என் பாட்டனார். நாகூரிலிருந்து கொழும்புப் புறக்கோட்டைக் கடைக்குப் போய்வந்த தலைமுறையைச் சேர்ந்தவர். அக்காலத்தில் சென்னை எழும்பூரிலிருந்து கொழும்பு வரை ஒரே பயணச் சீட்டு எடுக்கலாம். 1914-இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டதிலிருந்து போட் மெயில் எனப்பட்ட வண்டி தனுஷ்கோடி வரை சென்றது. அங்கிருந்து ஏறத்தாழ 35 கிலோமீட்டர் கடலைக் கப்பலில் கடந்தால் தலைமன்னார். அங்கே கொழும்பு வண்டி காத்திருக்கும். இர்வின், கோஷன் என்ற கப்பல்களின் பெயர்கள் எங்கள் வீட்டில் உறவினர் பெயர்களைப் போல வழங்கின.

1950-களில் ஓர் ஐப்பசி அடைமழையில், பாட்டனார் ஏறிய நாகூர் வண்டி திருச்சிராப்பள்ளிக்குத் தாமதமாகப் போய்ச் சேர்ந்தது. போட் மெயில் போய்விட்டது. நிலைய அதிகாரி ஒருவர் அவரிடமிருந்த சீட்டின் பின்புறத்தில் இரண்டு வரி எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுத்தாராம். மறுநாள் வண்டி, மறுநாள் கப்பல், மறுநாள் கொழும்பு வண்டி ஆகிய மூன்றும் அந்த இரண்டு வரிக்குக் கட்டுப்பட்டன. "நான் தனுஷ்கோடி போற வரைக்கும் கப்பல் போகாது, கப்பல் வர்ற வரைக்கும் அந்தக் கரையில வண்டி போகாது" என்று பாட்டனார் பெருமையோடு கூறுவார். சிறுவனாக இருந்தபோது, அவர் ஒருவருக்காகவே கப்பல் காத்திருந்தது என்று நான் நம்பினேன்.

பாட்டனார் கையில் இருந்தது முழுவழிச் சீட்டு. என் கையில் இருந்தது பாஸ். முழுவழிச் சீட்டு ஒரு வண்டியை மட்டுமே உங்களுக்குத் தருகிறது; ஆனால் உங்களைக் கொண்டு சேர்க்கும் பொறுப்பையும் ஏற்றுக்கொள்கிறது. பாஸ் எல்லா வண்டிகளையும் தருகிறது. எந்த வண்டியும் உங்களுக்காகப் பொறுப்பேற்பதில்லை. மாலை வண்டி வர நேரமிருந்ததால், வேளாங்கண்ணி நடைமேடையில் மெழுகுவர்த்திக் கடை நண்பருக்கு இதனை என்னால் இயன்றவரை எளிதாகச் சொல்லிப் பார்த்தேன்.

"அப்ப டிக்கெட்டுதான் நல்லதா சார்?" என்றார்.

அப்படியும் இல்லை. பாஸ் இருப்பவர் வண்டியைத் தவறவிட்டால் புதிய சீட்டுக்குப் பணம் கட்ட வேண்டியதில்லை. ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து ஆகிய நாடுகளின் உள்நாட்டு வண்டிகள் பெரும்பாலானவற்றில் முன்பதிவு கட்டாயமில்லாததால், அடுத்த வண்டியில் ஏறி அமர்ந்துவிடலாம். இடர் எல்லாம் முன்பதிவு கட்டாயமான அதிவேக வண்டிகளில்தான். பிரான்சின் அதிவேக வண்டிகள், அங்கிருந்து ஜெர்மனிக்குச் செல்பவை, கடலடிச் சுரங்கவழியே இலண்டன் செல்பவை எல்லாம் அத்தகையவை. பாஸ் இருந்தாலும் இருக்கைக்குத் தனிக்கட்டணம் உண்டு. பாஸ் உடையோருக்கு ஒதுக்கும் இடங்களோ அளவானவை. தவறிய வண்டியின் முன்பதிவு அடுத்த வண்டிக்குத் தானாக மாறாது. மாற்றித் தரக் கேட்க வேண்டும். கேட்கும்போது கையில் அந்த முத்திரையிட்ட தாள் இருக்க வேண்டும்.

ஐரோப்பிய நிர்வாகங்கள் பலவற்றுக்கிடையே ஓர் உடன்பாடு உள்ளது. முதல் வண்டியின் தாமதத்தால் பன்னாட்டு இணைப்பைத் தவறவிட்டவரை, தாமதம் உறுதிசெய்யப்பட்டிருந்தால், அடுத்த வண்டியில் ஏற்றிக்கொள்வது. பாட்டனாரின் சீட்டில் எழுதப்பட்ட இரண்டு வரிகளுக்கு நேரான ஏற்பாடு இதுவே! ஐரோப்பிய ஒன்றியத்தின் பயணியர் உரிமைச் சட்டம் புதுப்பிக்கப்பட்டு 2023 ஜூன் முதல் நடைமுறையில் உள்ளது. தாமதம் 60 நிமிடத்தை எட்டும் என்றால் மாற்றுவழியில் கொண்டு செல்லவும், காத்திருப்போருக்கு உணவு தரவும், இரவு தங்க நேர்ந்தால் இயன்றவரை தங்குமிடம் அளிக்கவும் அது வகைசெய்கிறது. தனித்தனிச் சீட்டுகளாக இணைத்துக்கொண்ட பயணத்திற்கு முழுவழிச் சீட்டின் பாதுகாப்பு இல்லை என்பதையும் மறத்தலாகாது. எங்கள் விடுதிக் கட்டணத்தைப் பற்றி அன்று நான் ஒரு சொல்லும் கேட்கவில்லை. கேட்பது மரியாதைக் குறைவு என்று எண்ணிவிட்டேன். நம்மவர் பலருக்கு உள்ள நோய் இது.

நம் இரயில்வேயும் இவ்வகையில் பின்தங்கிவிடவில்லை. 2019 ஏப்ரல் முதல், தொடர்ச்சியான இரு முன்பதிவுகளை ஒன்றோடொன்று இணைத்துக்கொள்ளலாம். முதல் வண்டியின் தாமதத்தால் இரண்டாவதைத் தவறவிட்டால், பயணம் செய்யாத பகுதியின் கட்டணம் திரும்பக் கிடைக்கும். இரு சீட்டுகளிலும் பயணியர் விவரம் ஒன்றாக இருத்தல் வேண்டும். இணைத்துக்கொள்ளாதவருக்கு இவ்வுரிமை இல்லை. நாகையிலிருந்து புறப்பட்டுச் சென்னையில் வண்டி மாறி வடநாடு செல்லும் நம் மாணவர்கள் குறித்துக்கொள்க.

நண்பரின் திரும்பும் வழியைக் கேட்டேன். லூர்திலிருந்து பாரிஸ், பாரிசிலிருந்து ஜெர்மனி. இதில் ஒரு பொறி இருக்கிறது. லூர்து வண்டி பாரிசில் வந்து நிற்பது மோன்பர்னாஸ் நிலையத்தில். ஜெர்மனி வண்டி புறப்படுவது நகரின் மறுபுறத்தில் உள்ள கிழக்கு நிலையத்தில். இரண்டிற்கும் நடுவே ஒரு மாநகரமே இருக்கிறது. மெட்ரோவின் நான்காம் தடம் இரண்டையும் நேராக இணைக்கிறது. வண்டி மாறத் தேவையில்லை. ஆயினும் மூட்டை முடிச்சுகளோடு, படிகளோடு, மொழி தெரியாத கூட்டத்தோடு ஒரு மணி நேரத்திற்குக் குறையாமல் ஒதுக்க வேண்டும். முதியவர்கள் இரண்டு மணி நேரம் ஒதுக்குவது நலம். மகள் போட்டுத் தந்திருந்த திட்டத்தில் ஒன்றரை மணி நேரம் இருந்தது. அன்றைய கடைசி வண்டிக்கு முந்தியதைப் பிடிக்குமாறு மாற்றச் சொன்னேன். கடைசி வண்டியைத் தவறவிடுவதும் அதற்கு முந்தியதைத் தவறவிடுவதும் ஒன்றல்ல. பாஸில் ஒரு நாளைச் செலவிடாமல் மிச்சம் வைத்திருக்கவும், பாஸ் கைப்பேசிக்குள்தான் இருக்கிறது என்பதால் மின்னேற்றும் பவர் பேங்கை மறவாமல் எடுத்துச் செல்லவும் சொன்னேன்.

எல்லைகளில் கடிகாரமும் ஏமாற்றும் என்று சொல்ல வாயெடுத்தேன். பினாங்கிலுள்ள எங்கள் உறவினர் ஒருவர் தாய்லாந்து சென்று திரும்புகையில் பாடாங் பெசார் நிலையத்தில் அப்படித்தான் ஏமாந்தார். இரு நாட்டுக் குடிநுழைவு அலுவலகங்களும் அந்த ஒரே நிலையத்தில் உள்ளன. ஆனால் தாய்லாந்தில் மணி பத்து என்றால் மலேசியாவில் பதினொன்று. அவர் கைக்கடிகாரம் பத்தைக் காட்டிக்கொண்டிருக்க, பதினொரு மணி வண்டி அவர் கண்ணெதிரே புறப்பட்டுச் சென்றது. பிரான்சுக்கும் ஜெர்மனிக்கும் நேரம் ஒன்றே என்பதால் இதனை நண்பரிடம் கூறவில்லை. அவர் ஏற்கெனவே கலங்கியிருந்தார்.

"இவ்வளவு இருக்கா சார்?" என்றார்.

இவ்வளவும் நாளை ஒரு வண்டி உண்டு என்பதால் எழும் கவலைகள்தாம். 1964 டிசம்பர் 22-ஆம் நாள் இரவு அடித்த புயலில், தனுஷ்கோடியை நோக்கிச் சென்ற பயணியர் வண்டியைக் கடல் கொண்டது, தனுஷ்கோடியும் அழிந்தது. பின்னர்க் கப்பல் இராமேசுவரத்திலிருந்து தலைமன்னாருக்குச் சென்றது. 1980-களில், இலங்கையில் போர் மூண்டபோது, அதுவும் நின்றது. பாட்டனாரின் தம்பி கொழும்பிலேயே தங்கிவிட்டவர். 1987-இல் அவர் மௌத்தானபோது எங்கள் வீட்டிற்குத் தந்தி வந்தது. அதைப் படித்துவிட்டுப் பாட்டனார் வெகுநேரம் திண்ணையில் அமர்ந்திருந்ததை எட்டு வயதுச் சிறுவனாகக் கண்டேன். விமானச் சீட்டுக்கு அன்று வீட்டில் பணமில்லை. காத்திருக்கக் கப்பல் இல்லை. எழுதிக் கொடுக்க அதிகாரியும் இல்லை.

இன்று நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் விடப்பட்டிருக்கிறது. 2023 அக்டோபரில் தொடங்கி, சில நாள்களில் நின்று, 2024 ஆகஸ்டில் மீண்டும் தொடங்கிய சேவை அது. காங்கேசன்துறை வரை இருப்புப்பாதையும் 2015-இல் மீண்டது. வேளாங்கண்ணியில் இரயில் ஏறி, நாகையில் கப்பல் ஏறி, மறுகரையில் மீண்டும் இரயில் ஏறிக் கொழும்பு போகலாம் என்று வரைபடம் காட்டுகிறது. அம்மூன்றையும் ஒரே சீட்டில் கோப்பவர்தான் இல்லை. வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் அவ்வழியே புறப்படுவோர், மறுகரை வண்டிக்கு ஒரு நாளாவது இடைவெளி விடுவது அறிவுடைமை.

வண்டி வந்தது. நண்பரிடம் விடைபெறும்போது, வேறெதை மறந்தாலும் ஒன்றை மட்டும் மறக்க வேண்டா என்று என் உம்மா சொன்னதைச் சொன்னேன்.

அடுத்த மாதத்தில் ஒருநாள் பின்னிரவு 1.10 மணிக்கு என் கைப்பேசி ஒலித்தது. பாரிசில் அப்போது இரவு 9.40.

"சார், வண்டியை விட்டுட்டோம் சார். லூர்து வண்டியே லேட்டு. கிழக்கு ஸ்டேஷன்ல இருக்கோம். அதுக்கப்புறம் இருந்த கடைசி வண்டியில சீட்டு இல்லேன்னுட்டாங்க."

"தாள் வாங்கினீர்களா?"

"முத்திரை போட்டு வாங்கியாச்சு சார். காலை வண்டியில சீட்டும் மாத்திக் கொடுத்துட்டாங்க. பாஸ்ல ஒரு நாள் மிச்சம் இருக்கு. பொண்ணுக்கு நைட் டூட்டி, போன் எடுக்கல. அதான் உங்களுக்கு..."

இரவு தங்குமிடம் கேட்டாரா என்றேன். கேட்கவில்லை என்றார். மறுபடி சென்று கேட்கச் சொன்னேன். அவர் மனைவி ஜெபமாலை சொல்லும் மெல்லிய ஒலி பின்னணியில் கேட்டது.

உள்ளறையிலிருந்து உம்மா குரல் கொடுத்தார்: "யாரு வாப்பா, இந்நேரத்துல?"

சொன்னேன்.

"உட்கார்ந்திருக்காங்களா?"

"உட்கார்ந்திருக்காங்க உம்மா."

"சாப்பிட்டாங்களான்னு கேளு."